வீட்டில் தாத்தாவின் துப்பாக்கி இருக்கா? முதலில் இதைப் படிங்க

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு, அந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழும்புகின்றன. வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து என்னென்னவோ இறங்கும். பித்தளை அண்டா இறங்கும், மரப்பெட்டி இறங்கும். சில வீடுகளில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு துப்பாக்கியும் இறங்கும். "பட்டாளத்துல இருந்த தாத்தாவோடது" என்பார் ஒருவர். "பயிரை அழிக்கிற பன்றியை விரட்ட அப்பா வாங்கினது" என்பார் இன்னொருவர்.

"லைசென்ஸ் புத்தகம் பீரோவுல பத்திரமா இருக்கு, பயமில்ல" என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அந்தப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். துப்பாக்கி உரிமம் வீட்டுக்குத் தரப்படுவதில்லை. ஒரு நபருக்குத் தரப்படுவது. அவர் இறந்த பிறகு அந்த உரிமத்தைக் காட்டி வேறு யாரும் துப்பாக்கியை வைத்திருக்க முடியாது. நிலம், நகை போல அது தானாகப் பிள்ளைகளுக்கு வந்து சேராது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பதை 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளும் முறைப்படுத்துகின்றன. சட்டத்தில் 2019 டிசம்பரில் முக்கியமான திருத்தங்கள் வந்தன. அவற்றில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை:

• ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். முன்பு இது 3 ஆக இருந்தது. வாரிசாகக் கிடைக்கும் துப்பாக்கியும் இந்தக் கணக்கில்தான் சேரும்.
• உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்ந்தது.
• உரிமம் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அதோடு அபராதமும் உண்டு.

"நான் வாங்கவே இல்லையே, தாத்தாவோடதுதானே" என்பது இந்தத் தண்டனையிலிருந்து தப்பிக்கும் வழி ஆகாது. ஆனால் உடனே தகவல் சொல்லி ஒப்படைக்கிறவருக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

கண்டெடுத்த அன்றே செய்ய வேண்டியவை

1. துப்பாக்கியில் தோட்டா இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். "பல வருஷமா சும்மாதான் கிடக்குது" என்று ட்ரிகரை அழுத்திப் பார்க்க வேண்டாம். குழல் யாரையும் நோக்கி இருக்கக் கூடாது.
2. குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். அறையைப் பூட்டுங்கள்.
3. லைசென்ஸ் புத்தகம், வாங்கிய ரசீது, மீதமுள்ள தோட்டாக்கள் எங்கே என்று தேடுங்கள். உரிமத்தின் பக்கங்களை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள். அது வீட்டில் துப்பாக்கி இருப்பதைத் திருடனுக்கும் சேர்த்துச் சொல்கிற வேலை.
4. உங்கள் பகுதி காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். உரிமம் இல்லாத நீங்கள் துப்பாக்கியை பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். எப்படிக் கொண்டுவர வேண்டும், அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு, அதன்படி செய்யுங்கள்.

ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு, வைத்திருக்கும் உரிமை முடிந்துபோன ஆயுதத்தைத் தாமதம் இல்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமும் பாதுகாப்புக்காக ஒப்படைக்கலாம். அவர் அதற்குக் கட்டணம் வாங்குவார். எங்கே கொடுத்தாலும் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். துப்பாக்கியின் வகை, எண், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் ரசீதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம். ஒப்படைத்துவிட்டு அப்படியே மறந்துவிடக் கூடாது. குறிப்பிட்ட காலத்துக்குள் திரும்பப் பெறவோ விற்கவோ நடவடிக்கை எடுக்காவிட்டால், அது அரசுக்குச் சொந்தமாகிவிடும்.

அடுத்து மூன்று வழிகள்

துப்பாக்கி பத்திரமான இடத்துக்குப் போய்விட்டது. இனி நிதானமாக, குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம்.

முதல் வழி: வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்பது. 2016 விதிகளின் 25-வது விதி இதற்கு இடம் தருகிறது. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். காவல்துறை அறிக்கையில் பாதகமாக எதுவும் இருக்கக் கூடாது. உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு. அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தான் விரும்பும் வாரிசின் பெயரைச் சொல்லலாம். வீட்டில் பெரியவர் இருக்கும்போதே இதை முடித்துவிட்டால் பின்னால் அலைச்சல் மிச்சம்.

இரண்டாவது வழி: உரிய அனுமதி பெற்று, உரிமம் உள்ள விற்பனையாளருக்கோ உரிமம் உள்ள நபருக்கோ விற்பது.

மூன்றாவது வழி: வேண்டாம் என்று அரசிடமே விட்டுவிடுவது. ஞாபகத்துக்காக மட்டும் வைத்திருக்க நினைக்கிறவர்கள் இதையும் யோசிக்கலாம். தாத்தாவின் சீருடைப் படமும் பதக்கமும் சுவரில் இருந்தால் போதாதா?

ஆன்லைனில் விண்ணப்பிப்பது எப்படி?

துப்பாக்கி உரிமம் தொடர்பான விண்ணப்பங்களுக்கு மத்திய உள்துறை அமைச்சகத்தின் 'என்டிஏஎல்-ஏலிஸ்' இணையதளம் இருக்கிறது. நாடு முழுவதும் உள்ள உரிமங்கள் இதில் பதிவாகின்றன. ஒவ்வொரு உரிமதாரருக்கும் 'யூஐஎன்' என்ற தனி அடையாள எண் கட்டாயம். பழைய புத்தகத்தில் இந்த எண் இல்லை என்றால், உரிமம் வழங்கிய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கையில் தயாராக இருக்க வேண்டியவை:

• இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்திலோ, இ-சேவை தளத்தில் நீங்களே கணக்கு தொடங்கியோ விண்ணப்பிக்கலாம்.
• மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். அண்ணன் தம்பிக்குள் வழக்கு இருந்தால் முதலில் அதைப் பேசி முடியுங்கள்.
• அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம்.
• உடல்நலமும் மனநலமும் சரியாக இருப்பதற்கான மருத்துவச் சான்று.
• துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று.
• பழைய உரிமமும், ஒப்படைத்த ரசீதும்.

யாரிடம் விண்ணப்பம் போகும்? மாநகரக் காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் இருந்தால் காவல் ஆணையர். மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர். தாம்பரத்துக்கு 2022 முதல் தனி ஆணையரகம் இயங்குகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் சில ஊர்கள் அதன் எல்லைக்குள்ளும், சில ஊர்கள் வெளியேயும் இருக்கின்றன. பின்கோடை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் தெரு எந்தக் காவல் நிலையத்தின் கீழ் வருகிறது, அந்த நிலையம் யாருக்குக் கீழ் வருகிறது என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டுப் பெறலாம், மேல்முறையீடும் செய்யலாம். "தெரிஞ்ச ஆள் இருக்கார், பணம் கொடுத்தா வாங்கித் தருவார்" என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வேடந்தாங்கல், கரிக்கிலி பக்கம் இருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்கணும். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் உரிமதாரர்கள், 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் புது உரிமம் தரவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதம் தேவை.

"ராணுவத்தில் கழித்த ரைபிள் மலிவா கிடைக்குமாமே?"

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்கும் கேள்வி இது. அமெரிக்கா போன்ற நாடுகளில், உலகப் போர்களில் பயன்பட்ட ரைபிள்கள் பல ஆண்டுகள் கடைகளில் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. அவற்றைச் சேகரிப்பது அங்கே ஒரு பொழுதுபோக்கு. நம் நாட்டில் படைகள் கழித்துவிடும் ரைபிள்கள் பொதுமக்களுக்குக் கடையில் விற்கப்படுவதில்லை.

உதாரணத்துக்கு .303 லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1895-ல் பிரிட்டிஷ் படைக்கு வந்த குடும்பம் அது. இரண்டு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாய்களின் தோளில் தொங்கியது. வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையிலும் தயாரானது. பிறகு பல மாநிலக் காவல்துறைகளில் ஓடியது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தினத்தில்தான் அதற்கு விடைகொடுத்தது. இவ்வளவு பழையது என்றாலும், படைத் தோட்டாவைச் சுடக்கூடியது என்பதால் இன்றும் அது கட்டுப்படுத்தப்பட்ட வகை. அதற்கான உரிமம் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் கிடைக்காது. குடிமக்களுக்கென்று இஷாப்பூர் தயாரிக்கும் .315 ரைபிள் பார்க்க அதே மாதிரி இருக்கும். தோட்டாவின் அளவுதான் வேறு. பரணில் கிடைத்தது எது என்று நீங்களே முடிவு செய்யாமல், ஒப்படைக்கும் இடத்தில் எழுதி வாங்குங்கள்.

சமூக வலைதளத்தில் "ஆர்மி ஸ்டாக், குறைந்த விலை, கூரியரில் வரும்" என்று விளம்பரம் வந்தால் அது மோசடி, அல்லது கள்ளத் துப்பாக்கி. இரண்டில் எதுவானாலும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

சுடுவதில் ஆர்வமா? 4.5 மில்லிமீட்டர் அளவுக்குள், 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாத ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். பதிவு பெற்ற ரைபிள் கிளப்பில் பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

"துருப்பிடிச்சுப் போச்சு, இதுக்கும் லைசென்ஸா?"

துருவும் வயதும் மட்டும் விலக்கு தராது. பழுது பார்த்தால் மறுபடி சுடும் என்றால் அது துப்பாக்கிதான். 2020-ல் திருத்திய விதிகள்படி, பழைய சிறு ஆயுதங்களில் ஒரு குறிப்பிட்ட வகையை வீட்டில் வைத்திருக்க உரிமம் வேண்டாம். ஆனால் அதை எடுத்துச் செல்லவோ பயன்படுத்தவோ உரிமம் வேண்டும். எது எந்த வகை என்பதை அதிகாரிகள் சொல்லட்டும்.

பழைய ஆயுதங்களைப் பார்க்க ஆசை என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும் 1948 முதல் இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோவிலில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரிலும் இறங்கலாம், கோட்டை நிலையத்திலும் இறங்கலாம்.

உரிமம் கிடைத்த பிறகு பராமரிப்பு

• துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனிப் பூட்டில் இருக்கணும். சாவி உங்களிடம் மட்டும்.
• நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். தோல் உறையிலோ துணியிலோ சுற்றி வைத்தால் ஈரம் தங்கித் துரு ஏறும். பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகள் போடுங்கள்.
• துப்பாக்கிக்கான மெல்லிய எண்ணெயை லேசாகத் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகிவிடும்.
• மரக் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. உப்புத்தாள் போட்டு இழைத்துப் பளபளப்பாக்காதீர்கள். துப்பாக்கியில் பொறித்த எண்ணையோ முத்திரையையோ அழிப்பது தனிக் குற்றம்.
• பழுது பார்க்க உரிமம் பெற்ற கடைக்குத்தான் போகணும். பட்டறையில் கொடுக்கக் கூடாது.
• புதுப்பிக்கும் தேதியை போனில் இரண்டு மாதம் முன்பே நினைவூட்டலாகப் போடுங்கள்.
• தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். துப்பாக்கி தொலைந்தால் உடனே புகார் கொடுங்கள்.

அனுமந்தபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு

சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் அனுமந்தபுரத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சிக் களம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் வயலிலோ காட்டிலோ கிடக்கும் தோட்டா, குண்டு, உலோகத் துண்டு எதையும் எடுக்காதீர்கள். ஞாபகத்துக்கும் வேண்டாம், பழைய இரும்புக் கடைக்கும் வேண்டாம். வெடிக்காத குண்டு எது என்று பார்வையில் சொல்ல முடியாது. தள்ளி நின்று 100 அல்லது 112-ஐ அழையுங்கள். ஆடு மாடு மேய்க்கப் போகும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இந்த வாரம் ஊருக்குப் போனால் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம வீட்ல துப்பாக்கி ஏதாவது இருக்கா? அது யார் பேர்ல இருக்கு?" இருக்கிறது என்று பதில் வந்தால், முதலில் ஒப்படையுங்கள், வைத்துக்கொள்வதா விற்பதா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.