மரபணுவும் மரபும்

ஆட்டிசம் என்பது 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த சொல். தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் வழங்குவர். அப்பெயரின் பொருத்தம் தனியே ஆராயத்தக்கது. இந்நிலைக்குக் காரணங் கூறுங்கால் நாம் ஆளும் 'மரபு' என்னும் சொல்லே ஈண்டு ஆய்வுக்குரியது.

லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருவேறு கருத்துகள் அருகருகே நின்றன. பிறரோடு உணர்வால் ஒன்றும் ஆற்றல் இக்குழந்தைகட்குப் பிறவியிலேயே குறைந்துள்ளது என்பது ஒன்று. இவர்தம் பெற்றோருள் உள்ளக் கனிவுடையோர் மிகச் சிலரே என்பது மற்றொன்று. பின்வந்தோர் பலர் முன்னதை விடுத்துப் பின்னதைப் பற்றினர். பெர்னார்டு ரிம்லாண்டு 1964-இலேயே மறுத்திருந்தும், புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூலில் பெற்றோர் மீது, சிறப்பாக அன்னையர் மீது, பழி ஏற்றப்பட்டது.

இப்பழியை அசைத்தது இரட்டையர் ஆய்வு. ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்னும் இருவரும் 1977-இல் 21 இணைகளை ஆராய்ந்தனர். ஒருகரு இரட்டையர் 11 இணைகளுள் 4-இல் இருவர்க்கும் ஆட்டிசம் இருந்தது. இருகரு இரட்டையர் 10 இணைகளுள் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. இருவகையாரும் ஒரே தாயின் மடியில் வளர்ந்தவரே. தாயின் தன்மையே காரணமாயின் இவ்வேறுபாடு தோன்றுதற்கு இடமில்லை. எண்ணிக்கை சிறிதெனினும், பின்வந்த பெரிய ஆய்வுகளும் இதனை வலியுறுத்தின.

குடும்பத்தாரை நோக்கிய ஆய்வுகள் மற்றொன்றையும் காட்டின. பெற்றோர், உடன்பிறந்தார் சிலரிடத்து ஒதுங்கியிருத்தல், உரையாடலின் குறிப்பறியாமை போன்ற இயல்புகள் மெல்லிய அளவில் காணப்பட்டன. கானர் கனிவின்மை எனக் கண்டதும் ஒருகால் இதுவே போலும்! மகனின் நிலைக்கு அது காரணமன்று. இருவரிடத்தும் ஒரே வேரினின்று கிளைத்தது எனல் பொருந்தும்.

இனி, சொல்லுக்கு வருவோம். 'மரபு' என்ற அளவில் வழிவழி வருவது என்றே தமிழர் உள்ளம் கொள்ளும். 'மரபணுக் காரணம்' என மருத்துவர் கூறின், அது குலத்தின் குறையெனக் கேட்கப்படுகிறது. பழைய பழி புதிய உருவில் தாயின் தலைமேலேயே வந்து விழுகிறது. ஆயின் 2007-இல் செபாட் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தில் ஒருவர்க்கே ஆட்டிசம் இருந்த 118 குழந்தைகளுள் 12 பேரிடம், பெற்றோர் இருவரிடத்தும் இல்லாத குரோமோசோம் பகுதியிழப்போ மிகையோ காணப்பட்டது. கருவணுவில் புதிதாய்த் தோன்றிய இது மரபணுவில் உள்ளது, மரபில் இல்லாதது. வழிவழி வரும் சிறு வேறுபாடுகள் பல கூடி விளைப்பனவும் உள. இரண்டையும் ஒரு சொல்லால் சுட்டுதல் தகாது. பின்னதை 'வழிவேறுபாடு' என்றும், முன்னதைப் 'புதுப்பிறழ்வு' என்றும் பிரித்து வழங்கலாம் என்பது என் கருத்து.