பழைய புல்லட்டில் ஹெட் கேஸ்கட் கசிவு: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

புல்லட் என்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். வார்ப்பிரும்பு இன்ஜின் கொண்ட பழைய 350 புல்லட்டில் கசிவு சகஜம்தான். ஆனால் ஹெட்டைச் சுற்றி எண்ணெய் தெரிந்ததும் ‘ஹெட் பேக்கிங் போச்சு’ என்று கழற்றத் தொடங்குவது பல நேரம் வீண்செலவு. எங்கிருந்து கசிகிறது என்று உறுதிசெய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது.

கேஸ்கட் ஏன் தளர்கிறது?

இந்த இன்ஜினின் போர் 70 மி.மீ. விட்டம் கொண்டது. அதன் பரப்பு சுமார் 38 சதுர செ.மீ. பெட்ரோல் எரியும்போது ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 30 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொண்டாலே, ஹெட்டை மேலே தூக்கும் விசை ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடும். அதோடு, போர் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. வண்டி சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் இரண்டு பரப்புகளும் நூலளவு உரசிக்கொள்கின்றன. நடுவில் இருக்கும் கேஸ்கட் நாளடைவில் நசுங்கி மெலிகிறது, நட்டுகளின் பிடி குறைகிறது.

இரண்டு வகைக் கசிவு

எரிவாயு வெளியேறுவது ஒரு வகை. கிக்கரை மிதிக்கும்போது கம்ப்ரஷன் குறைந்திருக்கும். இன்ஜின் ஓடும்போது இணைப்பிலிருந்து ‘சிக் சிக்’ என்று சத்தம் கேட்கும், ஃபின்களுக்கு இடையே கரி படியும்.

எண்ணெய் மட்டும் கசிவது இன்னொரு வகை. புஷ் ராடுகள் ஏறி இறங்கும் குழிகள் இன்ஜினின் வலப்பக்கத்தில் உள்ளன. ராக்கருக்குப் போன எண்ணெய் அந்த வழியாகத்தான் கீழே திரும்புகிறது. அந்தப் பக்கம் கேஸ்கட் விட்டுப்போனால் எண்ணெய் வழியும், ஆனால் இழுவை குறையாது.

காரில் சொல்வதுபோல வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி என்று தேட வேண்டாம். இது காற்றில் குளிரும் இன்ஜின். ஆயில் வெளுத்திருந்தால் காற்றின் ஈரமோ மழை நீரோ கலந்திருக்கலாம், அதற்கும் ஹெட் கேஸ்கட்டுக்கும் தொடர்பில்லை.

கழற்றும் முன் சோதனை

முதலில் இன்ஜினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். இணைப்பைச் சுற்றி முகப்பவுடரைத் தூவி, சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஓடும் வண்டியில் எண்ணெய் கீழேயும் பின்னாலும்தான் பரவும். ஆகவே ஈரமான இடங்களில் மிக உயரத்திலும் முன்னாலும் இருப்பதுதான் ஊற்றுக்கண். ராக்கர் கவர் பேக்கிங், ராக்கருக்கு எண்ணெய் போகும் பைப்பின் வாஷர், ஸ்பார்க் பிளக் வாஷர், சைலன்சர் பெண்ட் சேரும் இடம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் உள்ளழுத்தம் ஏறி எல்லா இணைப்பிலும் எண்ணெய் கசியும்.

அடுத்து, ஆறிய இன்ஜினில் இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி, கிக்கரை மெல்ல அழுத்துங்கள். குமிழி வரும் இடத்தில் வாயு கசிகிறது. கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் ஒருமுறை அளந்து, பிளக் ஓட்டை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கலாம். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையும் கேஸ்கட்டையும் சந்தேகிக்கலாம்.

கசிவு கேஸ்கட்டில்தான் என்று தெரிந்தாலும் உடனே கழற்ற வேண்டாம். ஆறிய நிலையில் ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் குறுக்கும் மறுக்குமாக முறுக்கிப் பாருங்கள். லேசான கசிவு பலமுறை இதிலேயே நின்றுவிடும்.

கழற்றினால்

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் நட்டைத் தளர்த்தினால் அலுமினிய ஹெட் வளையக்கூடும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை மேலே நிறுத்துங்கள், அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, குறுக்காகத் தளர்த்துங்கள். எந்தப் புஷ் ராட் எந்தக் குழியில் இருந்தது என்று குறித்துவையுங்கள். ஒட்டியிருக்கும் ஹெட்டை மரச்சுத்தியால் மெல்லத் தட்ட வேண்டும். இடுக்கில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் பரப்பில் கீறல் விழும், அதுவே அடுத்த கசிவுக்கு வழி.

பழைய கேஸ்கட்டைத் தூக்கிப்போடும் முன் பாருங்கள். கரி படிந்த கோடு, வாயு எந்த வழியாகப் போனது என்று காட்டும். பரப்புகளைச் சுத்தம் செய்து, நேரான இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது, லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். ஸ்டட் மரைகள் தேய்ந்திருந்தால் அவற்றையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

செம்பு கேஸ்கட் என்றால் மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும், திரும்பவும் பயன்படுத்தலாம். மற்ற வகைக்குப் புதிதுதான் போட வேண்டும். சிலிக்கான் பசையைப் போரைச் சுற்றித் தடவாதீர்கள், எரியும் வாயுவின் சூட்டுக்கு அது நிற்காது. புஷ் ராட் குழி ஓரம் மெல்லிய பூச்சு போதும். அதிகமானால் பிதுங்கி, எண்ணெய் திரும்பும் வழியை அடைக்கும்.

உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள டார்க் அளவை ஒரே மூச்சில் எட்டாமல் மூன்று கட்டமாக, குறுக்காக முறுக்குங்கள். பிறகு டாப்பட் சரிபாருங்கள்: ஆறிய இன்ஜினில் புஷ் ராட் விரலால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

முதல் ஓட்டத்துக்குப் பின் நன்றாக ஆறவிட்டு நட்டுகளை மறுபடி முறுக்குங்கள், 500 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் டாப்பட்டைப் பார்த்துவிடுங்கள். புதுக் கேஸ்கட் சூட்டில் அமுங்கும் என்பதால் இந்த மறுமுறுக்கைத் தவிர்க்கவே கூடாது. மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுத்தாலும் இதற்காக ஒருமுறை திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.