பல் போனால் சுவரும் போகும்

'பல்லைப் பிடுங்கிய அன்றே அந்தக் குழியில் இம்பிளாண்ட் வைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். காலத்துக்கும் நிற்குமா?' என்று கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பெரும்பாலும் நிற்கும். இம்பிளாண்ட் என்பது பல்வேருக்குப் பதிலாகத் தாடையெலும்பில் நடும் டைட்டானியத் திருகு. டைட்டானியத்தை எலும்பு இறுகப் பற்றிக்கொள்ளும் என்று 1950களில் முயலின் காலெலும்பில் கண்டவர் ஸ்வீடன் மருத்துவர் பிரோனெமார்க். 1965இல் அவர் வைத்த திருகுகளோடு முதல் நோயாளி 2006இல் சாகும்வரை வாழ்ந்தார்.

பிடுங்கிய குழியிலேயே வைப்பது வேறு சங்கதி. ஆறிய எலும்பில் வைப்பதைவிடத் தோல்வி சற்றே கூடுதல். ஆனாலும் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் பிழைத்துவிடுகின்றன. எனக்கு வியப்பு திருகு அல்ல, குழியின் சுவர்தான்.

அந்தச் சுவர், அதாவது பல்லைச் சுற்றியுள்ள எலும்பின் உள்விளிம்பு, பல்லுக்காகவே உயிர் வாழ்கிறது. வேரிலிருந்து கிளம்பும் நார்கள் அதற்குள் புதைந்திருக்கும். எங்கள் பழைய வீட்டுக் கொல்லைச் சுவரில் அரசங்கன்று ஒன்று வேரோடியிருந்தது. பிடுங்கி எறிந்தோம், அடுத்த மழையில் சுவர் சரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்ததே வேர்தான். வாயிலும் அதே கதை: பல் போனதும் அந்த எலும்பு கரைகிறது, ஓராண்டில் தாடை மேட்டின் அகலம் பாதிவரைகூடக் குறையலாம்.

உடனே திருகை நட்டால் கரையாது என்று வெகுகாலம் நம்பினார்கள். 2005இல் ஆய்வாளர்கள் அராவுஜோவும் லிண்டேயும் நாய்களிடம் செய்த சோதனை அந்த நம்பிக்கையை உடைத்தது. திருகு உள்ளே இருக்க, உதட்டுப்பக்கச் சுவர் பாட்டுக்குக் கரைந்தது. திருகில் நார் இல்லையே, எலும்பு ஏமாறுமா? முன்பற்களில் அந்தச் சுவர் பலருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அது போனால் ஈறு மேலேறும். திருகு உறுதியாக நிற்கும், சிரிக்கும்போது அதன் சாம்பல் நிறம் தெரியும். கணக்கில் அது 'பிழைத்தது', கண்ணாடியில் தோற்றது. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் திருகை அண்ணப்பக்கமாகத் தள்ளி நட்டு, முன்னிடைவெளியை எலும்புத் துகளால் நிரப்புகிறார்கள்.

'ஒரே நாளில் பல்' என்று பேனர் கட்டுபவர்கள் இதைச் சொல்வதில்லை. நாமும் பீடியை விடாமல், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காமல், விலையை மட்டும் கேட்கிறோம். செயற்கைப் பல் சொத்தையாகாதுதான்; ஆனால் அழுக்குப் படிந்தால் சுற்றியுள்ள எலும்பு வலியில்லாமலே அரிக்கப்படும்.

வாசகி டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று: ஸ்கேனில் முன்சுவர் முழுசாக இருக்கிறதா? உடைந்திருந்தால் ஈறு ஆறும்வரை சில வாரங்கள் பொறுத்து வைத்துக்கொள்ளலாம்.