அழிக்கும் முன் ஒரு கேள்வி

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை. கிடங்கிலிருந்து பொருள்கள் காணாமல் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் கழித்து வழக்கறிஞர் சிசிடிவி பதிவைக் கேட்கிறார். அதற்குள் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிட்டது. கணினி தனக்கு இட்ட கட்டளையைத்தான் செய்தது. ஆனால், சான்று போய்விட்டது.

பதிவுகளை என்றென்றும் சேர்த்து வைப்பதும் தீர்வாகாது. கணக்குப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வருமான வரிச் சட்டமும் (1967) நிறுவனங்கள் சட்டமும் (2016) கோருகின்றன. தனிநபர் விவரங்களைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதனால்தான் எதை எப்போது அழிப்பது என்பதற்குக் கால அட்டவணை வேண்டும். வழக்கு வரக்கூடும் என்று தெரிந்தவுடன், அது தொடர்பான பதிவுகளுக்கு அந்த அட்டவணையை நிறுத்திவைக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகாமல் தடுக்கும் நோக்கத்தோடு ஆவணத்தை அழிப்பது தண்டனைச் சட்டம் 204ஆம் பிரிவின்படி குற்றம்.

பதிவு இருந்தால் மட்டும் போதுமா? சான்றுச் சட்டத்தில் 1993இல் சேர்க்கப்பட்ட 90ஏ பிரிவின்படி, அந்த ஆவணம் கணினியின் வழக்கமான பயன்பாட்டில் உருவானது என்பதைக் காட்ட வேண்டும். கணினியை நிர்வகிக்கும் பொறுப்பாளர் அதற்குச் சான்றிதழ் தரலாம். உரிய அதிகாரி நேரில் வந்து சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்று, வங்கிக் கணக்கு அறிக்கை தொடர்பான வழக்கொன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. எப்படியானாலும், ஐடி பிரிவில் இருப்பவர் ஒருநாள் சாட்சிக் கூண்டில் நிற்க நேரலாம்.

"இது மாற்றப்படவில்லை" என்று அவர் எப்படி நிரூபிப்பார்? இங்கே கணிதம் கைகொடுக்கிறது. ஒரு கோப்பை எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டில் செலுத்தினால், 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட 'ஹேஷ்' மதிப்பு கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் அது முற்றிலும் வேறாகிவிடும். கைரேகை போன்றது இது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் புதிய சாட்சியச் சட்டத்தில், சான்றிதழ்ப் படிவமே இந்த மதிப்பைக் கேட்கிறது.

எனவே, தகவல் வந்ததும் தானியங்கி அழிப்பை நிறுத்துங்கள். மூலத்தைத் தொடாமல் நகல் எடுத்து, இரண்டின் ஹேஷ் மதிப்பும் ஒன்றா என்று பாருங்கள். மின்னஞ்சலை இன்னொருவருக்கு அனுப்பிவைப்பது போதாது. அது வந்த வழியைக் காட்டும் தலைப்பு விவரங்கள் அப்போது விடுபட்டுப்போகும். யார், எப்போது, எதை எடுத்தார் என்பதையும் எழுதி வையுங்கள்.

உங்கள் அலுவலக சிசிடிவி எத்தனை நாள் பதிவை வைத்திருக்கிறது? நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.