ஒரு மாத்திரை, மூன்று தட்டுகள்: புற்றுநோய் மருந்தை ஆய்வுக்கூடத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

புற்றுநோய் என்றாலே முடி கொட்டும், வாந்தி வரும், படுத்த படுக்கைதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால், சிஎம்எல் எனப்படும் நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் கண்டவர்களில் பலர் இன்று தினமும் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

அந்த மாத்திரை நோயுற்ற உயிரணுவை மட்டும் தாக்கும் என்பதை, மனிதருக்குக் கொடுப்பதற்கு முன்பே எப்படி அறிந்தார்கள்? இதற்குப் பெரிதும் உதவியவை மரபணு மாற்றி வளர்க்கப்பட்ட உயிரணு வரிசைகள்.

அணையாத சுவிட்ச்

நம் உடலில் கைனேஸ் என்ற வகைப் புரதங்கள் 500க்கும் மேல் உள்ளன. பாஸ்பேட் என்ற சிறு துணுக்கை மற்றப் புரதங்களில் ஒட்டி, அவற்றின் வேலையைத் தொடக்குவதோ நிறுத்துவதோ இவற்றின் பணி. தேவையானபோது இயங்கி, வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும்.

1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் ஆகிய இருவரும் சிஎம்எல் நோயாளிகளின் இரத்த அணுக்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டனர். 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியதே காரணம் என்று 1973இல் ஜேனட் ரௌலி கண்டறிந்தார். இந்த இடமாற்றத்தால் பிசிஆர்-ஏபிஎல் என்ற புதிய கைனேஸ் உருவாகிறது. இது அணையாத சுவிட்ச். வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன.

ஒட்டுக்கன்று போல

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். விதையில் முளைத்த ரப்பர் மரங்கள் ஒன்றுபோல் பால் கொடுப்பதில்லை. நல்ல மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டினால், எல்லா மரங்களும் தாய்மரத்தின் குணத்தோடு வளரும். ஆர்ஆர்ஐஎம் 600 அப்படிப் பரவிய ரகம்தான்.

உயிரணு வரிசையும் அப்படித்தான். ஆய்வு செய்ய வேண்டிய கைனேஸின் மரபணுவை உயிரணுக்களுக்குள் செலுத்துகிறார்கள். பெரும்பாலானவற்றில் அது சில நாட்களில் மறைந்துவிடும். மிகச் சிலவற்றில் மட்டுமே குரோமோசோமிலேயே பதிந்து, அடுத்தடுத்த தலைமுறைக்கும் போகும். அவைதான் நிலையான உயிரணுக்கள்.

அவற்றைப் பிரித்தெடுக்க ஒரு வழி உண்டு. கைனேஸ் மரபணுவோடு, ஒரு நச்சு மருந்தைத் தாங்கும் மரபணுவையும் சேர்த்தே செலுத்துவார்கள். பிறகு அந்த நச்சு மருந்தை ஊற்றினால், மரபணுவை ஏற்காதவை மடியும், ஏற்றவை பிழைக்கும். பிழைத்தவற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியே வளர்த்து, சரியானதைத் தேர்ந்து, திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள். பல ஆண்டுகள் கழித்தும் அதே உயிரணுவை எடுத்துச் சோதிக்கலாம்.

மூன்று தட்டுகள்

பிஏ/எஃப்3 என்பது எலியின் இரத்த உயிரணு வரிசை. ஐஎல்-3 என்ற வளர்ச்சிப் பொருள் இல்லாவிட்டால் அது பிழைக்காது. 1988இல் ஜார்ஜ் டேலி, டேவிட் பால்டிமோர் இருவரும் இதற்குள் பிசிஆர்-ஏபிஎல் மரபணுவைச் செலுத்தினர். ஐஎல்-3 இல்லாமலேயே உயிரணுக்கள் பெருகின. அதாவது, அவற்றின் உயிரே அந்தக் கைனேஸை நம்பி நின்றது.

இந்தக் குணத்தை வைத்தே மருந்தைச் சோதிக்கலாம். முதல் தட்டில் பிசிஆர்-ஏபிஎல்லை நம்பி வாழும் உயிரணுக்கள். இரண்டாம் தட்டில் மரபணு மாற்றாத உயிரணுக்களும் ஐஎல்-3உம். மூன்றாம் தட்டில் மாற்றிய உயிரணுக்களோடு ஐஎல்-3உம். மூன்றிலும் ஒரே மருந்தை இடுவார்கள். முதல் தட்டு மட்டும் மடிந்தால், மருந்து குறி தவறவில்லை. மூன்றுமே மடிந்தால் அது பொதுவான நச்சு, அதை ஒதுக்கிவிடுவார்கள்.

1996இல் பிரையன் டிரக்கர் குழுவினர் இதுபோல் மரபணு மாற்றிய வேறு இரத்த உயிரணுக்களில் ஒரு மருந்தைச் சோதித்தனர். பிசிஆர்-ஏபிஎல் உள்ளவை அடங்கின. இல்லாதவை தொடர்ந்து வளர்ந்தன. அந்த மருந்துதான் கிளிவெக் என்ற பெயரில் விற்கப்படும் இமாட்டினிப். 1998இல் மனிதரிடம் சோதனை தொடங்கியது; 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தொடக்கத்திலிருந்தே இம்மருந்து கொடுக்கப்பட்டவர்களில், 10 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிர்வாழ்வோர் ஏறக்குறைய 83 விழுக்காடு என்று ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது.

மருந்து கேட்காதபோது

சிலருக்கு நாளடைவில் மருந்து கேட்பதில்லை. கைனேஸின் 315ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் இமாட்டினிப் அதில் பொருந்தாது. டி315ஐ எனப்படும் இந்த மாற்றத்திற்கு, பின்னர் வந்த டாசாட்டினிப், நிலோட்டினிப் மருந்துகளும் பயன்படவில்லை. ஆய்வாளர்கள் அதே மாற்றத்தை பிஏ/எஃப்3 உயிரணுவில் புகுத்தி, அதை அடக்கும் மருந்தைத் தேடினர். அப்படி உருவான பொனாட்டினிப் 2012இல் அனுமதி பெற்றது.

ஆனால், தட்டில் வளரும் உயிரணு முழு மனிதராகாது. அதற்கு இதயமும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. பொனாட்டினிப் எடுத்த சிலருக்கு இரத்தக் குழாய் அடைப்பு ஏற்பட்டதால், 2013இல் அமெரிக்காவில் அதன் விற்பனை சில வாரங்கள் நிறுத்தப்பட்டு, கடும் எச்சரிக்கைகளோடு மீண்டும் தொடங்கியது. அதனால்தான் தட்டில் வெற்றி பெற்ற மருந்தையும் மனிதரிடம் படிப்படியாகச் சோதிக்கிறார்கள்.

வீட்டில் யாருக்காவது இந்நோய் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். 'உடம்புதான் நன்றாக இருக்கிறதே' என்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், நாள் தவறவும் விடாதீர்கள். நோய் அடங்கியிருப்பது அந்தச் சுவிட்சை மாத்திரை தினமும் அழுத்திப் பிடித்திருப்பதால்தான். சிலரால் மருந்தை நிறுத்த முடியும். அதை இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார். நாட்டு மருந்து எடுப்பதாக இருந்தாலும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை பலன் தரவில்லை என்று தெரிந்தால், மரபணு மாற்றப் பரிசோதனை தேவையா என்று தயங்காமல் கேளுங்கள். அடுத்து எந்த மாத்திரை என்பதை முடிவு செய்ய அதுவும் உதவும்.