டீம் கற்றுக்கொள்வது யார் கையில்?

அலுவலகத்திற்குப் புதிய பில்லிங் சாப்ட்வேர் வந்தாயிற்று. இன்ஸ்டால் செய்ய வந்தவர் இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு கடையில் நான்கு பேரும் அதில் வெளுத்து வாங்குகிறார்கள். பக்கத்துக் கடையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் லீவு போட்டால் பழைய பில் புத்தகம் வெளியே வந்துவிடும். கம்ப்யூட்டர் ஒன்றுதான், சாப்ட்வேரும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

திண்டிவனம், மரக்காணம் பக்கத்துச் சிறிய அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கப் போகும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி எழும். நான் பார்த்தவரை விடை ஆட்களின் மூளையில் இல்லை. அவர்களை நடத்துபவரிடம் இருக்கிறது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியை ஏமி எட்மண்ட்சன், அலுவலக மேசை நாற்காலி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் 51 குழுக்களை ஆராய்ந்து 1999-ல் கட்டுரை வெளியிட்டார். "எனக்குத் தெரியவில்லை", "இங்கே தப்பு நடந்துவிட்டது" என்று பயமில்லாமல் சொல்ல முடிகிற குழுக்கள் அதிகம் கற்றுக்கொள்கின்றன. வேலையையும் நன்றாகச் செய்கின்றன என்பது அவர் கண்டது. அந்தத் தைரியத்தை வளர்ப்பதில் குழுத் தலைவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

அதற்கு முன்பு மருத்துவமனைகளில் அவர் செய்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. நல்ல தலைமை உள்ள வார்டுகளில்தான் மருந்து கொடுப்பதில் நடந்த தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன! காரணம், அங்கே நர்சுகள் தவறை மறைக்கவில்லை. மற்ற இடங்களில் மறைத்தார்கள்.

2001-ல் இன்னொரு ஆய்வு வந்தது. 16 மருத்துவமனைகள் ஒரு புதிய இதய அறுவை சிகிச்சை முறையைக் கற்றுக்கொண்டதை எட்மண்ட்சனும் சக ஆய்வாளர்களும் ஒப்பிட்டார்கள். வேகமாகக் கற்றவை பெரிய பெயர் பெற்ற மருத்துவமனைகள் என்று சொல்ல முடியவில்லை. "இது எல்லோரும் சேர்ந்து கற்கவேண்டிய விஷயம், பார்த்ததை உடனே சொல்லுங்கள்" என்று டாக்டர் சொன்ன குழுக்கள்தான் முந்தின. கூகுள் நிறுவனமும் 2012 முதல் தன் சொந்தக் குழுக்களை ஆராய்ந்து கிட்டத்தட்ட இதே முடிவுக்கு வந்தது.

உப்பளத்தில் பாருங்கள்

இதற்கு அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. மரக்காணம் உப்பளங்களில் கடல் சார்ந்த உப்புநீர் பாத்தி பாத்தியாக வெயிலில் சுண்டி, சுமார் 25 டிகிரி போமே அடர்த்தியை எட்டும்போது உப்பு பூக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் ஒரு மழை பெய்தால் பல நாள் உழைப்பு கரைந்துவிடும். மேகம் கறுப்பதை முதலில் பார்ப்பவர் மேஸ்திரியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. நேற்றுச் சேர்ந்த பெண்ணாகவும் இருக்கலாம். அவர் குரல் கொடுக்கத் தயங்கினால் நஷ்டம் எல்லோருக்கும்தான்.

புதுச்சேரியின் அறிவு மையங்கள்

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி. அங்கே 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் உதவியோடு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் மையக் கேந்திரம். அங்கிருந்து வயர்லெஸ் ரேடியோ மூலம் கிராமங்களுக்குத் தகவல் போகும். மின்சாரம் நின்றால் சோலார்.

கருவிகளைவிட முக்கியம், மையங்களை நடத்திய விதம். இடத்தைக் கிராமம் கொடுக்கவேண்டும். தலித் மக்கள் உட்பட எல்லோரும் உள்ளே வர முடியவேண்டும். மையத்தை நடத்துபவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள், அதிலும் பெண்கள் அதிகம். கம்ப்யூட்டரையே தொட்டிராதவர்கள் ஆங்கிலக் கீபோர்டில் தமிழ் டைப் செய்யப் பழகினார்கள். என்ன தகவல் வேண்டும் என்று ஊர் மக்களிடம் கேட்டுத்தான் சேகரித்தார்கள். மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டிலிருந்து அலை உயர விவரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2001-ல் இந்தத் திட்டம் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது பெற்றது.

நல்லவாடு: 2004 டிசம்பர் 26

இப்படிப்பட்ட மையமும் ஒலிபெருக்கியும் இருந்த இன்னொரு மீனவ கிராமம் நல்லவாடு. அங்கே முன்பு தன்னார்வலராக இருந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். சுமத்ரா நிலநடுக்கச் செய்தியை அறிந்ததும் ஊருக்குப் போன் போட்டார். தண்ணீர் ஏறுவதாக வீட்டில் சொன்னார்கள். உடனே ஓடுங்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். சுமார் 3,600 பேர் உயிர் தப்பினார்கள். படகுகளும் வீடுகளும் போயின, ஆள் போகவில்லை.

அங்கே மேலிடத்து உத்தரவுக்காக யாரும் காத்திருக்கவில்லை. கருவி எங்கே இருக்கிறது, எதற்கு என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. ஒரே ஒரு ஆபரேட்டரின் சொத்தாக அது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்தியாவின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் 2007-ல்தான் வந்தது. இன்று எச்சரிக்கை செல்போனுக்கே வருகிறது. ஆனாலும் கடைசி நூறு மீட்டர் தூரத்திற்கு அதைக் கொண்டு சேர்ப்பது மனிதர்கள்தான்.

உங்கள் அலுவலகத்தில் என்ன செய்யலாம்?

1. ஒவ்வொரு முக்கிய வேலையும் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். பேக்கப் எடுப்பது, பாஸ்வேர்டு இருக்குமிடம், பில் ரத்து செய்வது ஆகிய மூன்றில் தொடங்குங்கள்.

2. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து "என்ன நடந்தது, எப்படிச் சரி செய்தோம்" என்று இரண்டு காலம் வையுங்கள். "யார் செய்தது" என்ற காலம் வேண்டாம்.

3. புதிய சாப்ட்வேரை முதலாளியும் மற்றவர்களோடு உட்கார்ந்து கற்கட்டும். அவர் சந்தேகம் கேட்டால்தான் மற்றவர்களும் கேட்பார்கள்.

4. புதிதாகச் சேர்ந்தவரை வாரம் ஒருமுறை பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். பழகிய கண்ணுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

5. கெட்ட செய்தி கொண்டு வருபவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். கேள்வி பிறகு.

இந்த ஐந்துக்கும் ஒரு பைசா செலவில்லை. அடுத்த முறை உங்கள் கடையில் "அவர் இன்று லீவு சார்" என்ற பதில் வந்தால், கம்ப்யூட்டரைக் குறை சொல்லாதீர்கள். முதல் யோசனையிலிருந்து ஆரம்பியுங்கள்.