உயிர் மீண்ட பின் உள்ளமும் மீள வேண்டும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாட்கள் உயிருக்குப் போராடிய ஒருவர் வீடு திரும்பும் நாள் அக்குடும்பத்திற்கு ஒரு திருநாளே ஆகும். 'பெரிய கண்டம் தப்பியது' என்று ஊரிலுள்ள உறவினர் தொலைபேசியில் மகிழ்கின்றனர். காய்ச்சல் இல்லை, இரத்தப் பரிசோதனைகள் சரியாக உள்ளன, முகத்திலும் தெளிவு வந்துவிட்டது. ஆயினும் ஒரு மாதம் சென்றபின் வீட்டார் தமக்குள் மெல்லிய குரலில் வேறொன்று பேசத் தொடங்குகின்றனர். முப்பது ஆண்டுகள் கணக்கெழுதிய அவர், பால் கணக்கைக் கூட்டும்போது பாதியில் தடுமாறுகிறார். சொன்னதையே மீண்டும் கேட்கிறார். சிறு சொல்லுக்கும் கண் கலங்குகிறார். சில வேளை சினம் கொள்கிறார். இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. 'ஆள் மாறிவிட்டார்' என்பர் சிலர். 'படுத்துப் பழகிவிட்டார்' என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றுகளும் பொருந்தா. அவருக்கு நேர்ந்திருப்பது குணக்கேடும் அன்று, சோம்பலும் அன்று. கடும் நோயின் பின்விளைவாக அறிவுக்கும் உணர்ச்சிக்கும் ஏற்பட்ட ஊறு. அதற்குப் பெயர் உண்டு; செய்யத் தக்கனவும் உண்டு. அவை யாவை என்பதை இங்குக் காண்போம்.

தீவிர சிகிச்சை முறையின் வரலாறு நெடியதன்று. 1952-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலற்றுப் போனவர்கள் நாள்தோறும் மாண்டனர். அவ்வேளையில் பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் முறையைக் கையாண்டார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் அருகே அமர்ந்து பையை அழுத்தினர். இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. அடுத்த ஆண்டு அந்நகரிலேயே, கடும் நோயாளிகளை ஓரிடத்தில் வைத்து இடைவிடாது கண்காணிக்கும் பிரிவை அவர் அமைத்தார். இன்று நம் நாட்டுப் பெருநகரங்களில் காணும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அந்த வழியில் வந்தவையே.

உயிர் காக்கும் திறன் பெருகப் பெருக, புதியதொரு வினா எழுந்தது. பிழைத்தவர்கள் பின்னர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதே அவ்வினா. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் கூட்டிய மாநாட்டில், இவர்களுடைய தொல்லைகளுக்குப் பொதுப் பெயரொன்று இடப்பட்டது. 'தீவிர சிகிச்சைக்குப் பிந்திய நோய்க்குறித் தொகுதி' என்று அதனைத் தமிழில் கூறலாம். அதற்கு மூன்று பகுதிகள் உண்டு: உடல் தளர்ச்சி ஒன்று, நினைவு, கவனம், திட்டமிடும் ஆற்றல் ஆகியவற்றின் குறைவு இரண்டாவது, மனச்சோர்வு, அச்சம், பதைப்பு ஆகியன மூன்றாவது. நோயாளியுடன் இருந்து துயருற்ற குடும்பத்தாரின் மன வேதனையும் இத்துடன் சேர்த்தே எண்ணப்பட்டது.

இது அரிதாக நிகழ்வதும் அன்று. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து மருத்துவமனைகளில், மூச்சுத் திணறலாலோ இரத்த ஓட்டச் சீர்குலைவாலோ தீவிர சிகிச்சை பெற்ற 821 நோயாளிகளை ஆராய்ந்து, அம்முடிவுகளை 2013-இல் வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 74 பேர் மருத்துவமனையிலேயே சித்தம் கலங்கிய நிலையை அடைந்திருந்தனர். மூன்று மாதங்களுக்குப் பின் சோதித்தபோது, நூற்றுக்கு 40 பேருடைய அறிவாற்றல், தலையில் நடுத்தரமான அடிபட்டவர்களின் அளவிற்குக் குறைந்திருந்தது. ஓராண்டு கழிந்த பின்னும் 34 பேர் அந்நிலையிலேயே இருந்தனர். முதியோர் மட்டுமன்றி இளையோரும் இவர்களுள் அடங்குவர். சித்தக் கலக்கம் எத்தனை நாட்கள் நீடித்ததோ, அதற்கேற்பப் பிற்காலக் குறைவும் மிகுந்திருந்தது.

இந்தச் சித்தக் கலக்கம் நம் முன்னோர் 'ஜன்னி' என்று அறிந்ததே. மருத்துவர்கள் இதனை 'டெலிரியம்' என்பர். இரத்தத்தில் பரவிய நோய்த்தொற்று, பிராண வாயுக் குறைவு, மயக்க மருந்துகள், உறக்கமின்மை, இரவு பகல் அறியாத வெளிச்சம் ஆகியன சேர்ந்து மூளையின் தொழிலைக் குலைக்கின்றன. நோயாளி குழாய்களைப் பிடுங்கிக் கூச்சலிட்டால் யாவரும் கவனிப்பர். ஆனால் பலர் கூச்சலிடுவதில்லை. அசையாது, பேசாது, வெறித்த பார்வையுடன் கிடப்பர். 'அமைதியாக இருக்கிறார்' என்று நாம் எண்ணும் அந்த நிலையும் ஜன்னியாக இருக்கக்கூடும். அப்போது கண்ட தோற்றங்கள், மருந்தூற்ற வந்த தாதி நஞ்சூட்ட வந்தவளாகவும், கட்டில் கடலில் மிதப்பதாகவும் தோன்றியவை, பிற்காலத்தில் உண்மை நிகழ்ச்சிகளைவிட அழுத்தமாக நினைவில் நின்று அச்சுறுத்துவதுண்டு. விளக்கை அணைக்க விடாததன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இங்கு, தாய்நாட்டின் வேறு மாநிலங்களில் வாழும் தமிழர் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்றுண்டு. ஜன்னியைக் கண்டறியப் பல நாடுகளில் வழங்கும் சோதனையொன்றில், மருத்துவர் சில எழுத்துகளை வரிசையாகச் சொல்லி, ஒரு குறிப்பிட்ட எழுத்தைக் கேட்கும்போதெல்லாம் தம் கையை அழுத்துமாறு கூறுவார். பின்னர் மிக எளிய வினாக்களைக் கேட்பார்: கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் உண்டா? ஆம், இல்லை என்று தலையசைத்தால் போதும். ஆனால் மும்பையிலுள்ள மகன் வீட்டிற்கு வந்த இடத்தில் நோயுற்ற ஒரு மூதாட்டியிடம் இதே வினாவை இந்தியிலோ மராத்தியிலோ கேட்டால், அவர் என்ன விடை கூறுவார்? அவர் மௌனமாக இருப்பார். அம்மௌனம் மொழி அறியாமையா, அறிவு மயங்கியமையா என்பதை வேற்று மொழித் தாதி எங்ஙனம் பிரித்தறிவார்? நாற்பது ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்து இந்தியைச் சரளமாகப் பேசியவர்கூட, கடும் நோயில் தாய்மொழி ஒன்றையே பற்றிக்கொள்வதுண்டு.

ஆதலின், தமிழ் அறிந்த ஒருவர் நோயாளியின் அருகில் இருப்பது ஆறுதல் மட்டுமன்று, மருத்துவத்தின் ஓர் உறுப்புமாகும். பார்வையாளர் நேரம் சிறிதேயாயினும் அதனைப் பயன்படுத்த வேண்டும். 'அப்பா, நான்தான் வந்திருக்கிறேன். இன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. இது மருத்துவமனை. மூச்சுக்கு உதவியாகக் குழாய் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு உடம்பு தேறி வருகிறது' என்று நாள்தோறும் நிதானமாகக் கூறுக. அவருடைய மூக்குக் கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் அவரிடம் சேர்ந்தனவா என்று பாருங்கள். நீர், வலி, பயம், குளிர், ஆம், இல்லை என்னும் சில சொற்களைத் தமிழிலும் அவ்வூர் மொழியிலும் எதிரெதிரே ஓர் அட்டையில் எழுதித் தாதியிடம் கொடுங்கள். வேதனையை மொழிய இயலாதவருக்கு அவ்வட்டை பெருந்துணையாகும். மருத்துவர் இசைந்தால் நோயாளியை விரைவிலேயே உட்காரவும் நிற்கவும் பழக்குவது நன்று. மயக்க மருந்தை நாள்தோறும் சிறிது நேரம் நிறுத்தி, உடற்பயிற்சியை முன்னதாகவே தொடங்கியவர்களுக்கு ஜன்னி நீடித்த நாட்கள் குறைந்தன என்று 2009-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது.

வீடு திரும்பிய பின் தோன்றும் மனச்சோர்வைப் பற்றியும் தெளிவு வேண்டும். மனச்சோர்வு என்பது வெறும் துக்கமன்று. அது அறிவையும் தொடும் நோய். கவனம் நிலைப்பதில்லை, முடிவெடுக்க இயலுவதில்லை, எண்ணம் ஆமை வேகத்தில் நகர்கிறது, நினைவு தவறுகிறது. முதியவர்களிடத்தில் இது மூளைத் தேய்வு போலவே தோற்றமளிப்பதை லெஸ்லி கைலோ என்னும் மனநோய் மருத்துவர் 1961-இல் விரிவாக எடுத்துக்காட்டினார். மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளித்ததும், மூளை தேய்ந்துவிட்டதென்று கைவிடப்பட்டவர்களுள் சிலர் தெளிவடைந்தனர். உற்சாகப் பெருக்கும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயிலும் இத்தகைய அறிவுத் தளர்ச்சி உண்டு. மனநிலை சமனடைந்த பின்னும் கவனமும் நினைவும் சிலருக்குச் சிறிது காலம் பின்தங்கியே நிற்கும். எனவே கணக்கில் தடுமாறுபவரிடம் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் பல: இது ஜன்னியின் எச்சமா? மனச்சோர்வா? மருந்துகளின் விளைவா? இவை ஒன்றோடொன்று கலந்தும் இருக்கலாம். பிரித்தறிவது மருத்துவர் கடமை. காலந்தாழ்த்தாது அவரிடம் அழைத்துச் செல்வது நம் கடமை.

மருந்து பற்றி ஓர் எச்சரிக்கை. இருதுருவ மனநோய்க்கு லித்தியம் உட்கொள்வோர் பலர் நம்மிடையே உள்ளனர். வயிற்றுப்போக்கினாலோ காய்ச்சலாலோ உடலில் நீர் வற்றினால், இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஆபத்தான எல்லைக்கு உயரும். சிலவகை வலி மாத்திரைகளும் அவ்வாறே செய்யும். கை நடுக்கமும் தள்ளாட்டமும் குழப்பமும் அப்போது தோன்றும். அதனை 'பழைய மனநோய் முற்றிவிட்டது' என்று கருதி வாளாவிருத்தல் கூடாது. உடனே இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். மனநோய்க்கு மருந்து உண்பவர் வேறெந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும், வெட்கத்தால் அதனை மறைக்காது மருந்தின் பெயரையும் அளவையும் முதல் நாளே கூறிவிடுங்கள். வீடு திரும்பும்போது, தீவிர சிகிச்சைக்கென்று தொடங்கிய உறக்க மருந்துகளுள் எவற்றை எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்யத் தக்கவை எளியவை. அன்றாடச் செயல்களை ஒரு சிறு நோட்டில் எழுதிவைத்து, ஒரு வேளையில் ஒரு வேலை என்று பழகலாம். வங்கி வேலையையும் பெரிய முடிவுகளையும் சில மாதங்கள் மற்றொருவர் உடனிருந்து பார்த்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் இருந்த நாட்களில் நிகழ்ந்தவற்றைக் குடும்பத்தார் நாள்வாரியாக எழுதிவைத்துப் பின்னர் அவருக்கு வாசித்துக் காட்டுவது நல்லது. வடஐரோப்பிய நாடுகளில் இவ்வழக்கம் பல்லாண்டுகளாக உண்டு. இத்தகைய நாட்குறிப்பு அச்சத்தைக் குறைக்கிறதா என்பதில் ஆராய்ச்சிகளின் முடிவுகள் வேறுபடினும், நினைவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப அது ஒரு வழி. உத்தியோகத்திற்குத் திரும்புகையில் முதல் சில வாரங்கள் அரை நாளோ எளிய பணியோ கேட்பதில் இழிவில்லை. மேலதிகாரிக்குக் காட்ட மருத்துவரிடம் சான்றிதழ் பெறலாம். காலொடிந்தவருக்கு ஊன்றுகோல் தரும் உலகம், கவனம் ஒடிந்தவருக்குச் சிறிது அவகாசம் தரவேண்டாமா?

சொந்த ஊரில் என்றால் அத்தையும் சித்தப்பாவும் முறைவைத்து வந்து உட்காருவர். அயலூரில் கணவன், மனைவி இருவரே அனைத்தையும் சுமக்கின்றனர். உடனிருக்கும் உறவின் வலிமையை நம் நாட்டு மருத்துவர்கள் முன்பே உணர்ந்திருந்தனர். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்து, குடும்பத்தாரையும் நோயாளியுடன் தங்கச் செய்தார். நோயைப் பற்றி அவர்களுக்கு எடுத்துரைத்தார். பலர் விரைவில் குணமடைந்து உறவினருடன் வீடு திரும்பினர். அந்தப் படிப்பினையை நாம் மறத்தல் கூடாது. அண்டை வீட்டாரும் தமிழ்ச் சங்க நண்பர்களும் வாரத்தில் ஒரு மாலை நோயாளியுடன் இருந்து, அவருடைய துணைவரை உறங்கச் செய்தாலே அது பேருதவி.

இரண்டு வாரங்களுக்கு மேல் சோர்வு நீடித்தாலோ, உணவிலும் உறக்கத்திலும் நாட்டம் அகன்றாலோ, மனநல மருத்துவரை அணுக வேண்டும். 'நான் பிழைத்திருக்க வேண்டாம்' என்ற சொல் ஒரு முறை வாயில் வந்தாலும் அதனை அலட்சியம் செய்யாது, அவரைத் தனியே விடாது, அன்றே உதவி நாடுக. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில், கட்டணமின்றி, எந்நேரமும் அழைக்கலாம். தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் அது பேசுகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல் நோய்க்கு உள்ளது போலவே மனநோய்ச் சிகிச்சைக்கும் மருத்துவக் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்று விதித்துள்ளது. எனவே செலவுக்கு அஞ்சி ஒதுங்குமுன் உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தைப் பார்ப்பது நலம்.

உயிரைக் காத்துத் தருவதோடு மருத்துவமனையின் வேலை முடிகிறது. உள்ளத்தைத் தேற்றும் வேலை வீட்டில் தொடங்குகிறது. இக்காலத்தில் பலருக்குத் தெளிவு மெல்ல மெல்லத் திரும்புகிறது. சிலருக்குச் சில குறைகள் நிலைத்து நிற்கின்றன. இரு சாராருக்கும் தேவையானது ஒன்றே. தடுமாறும் வேளையில், 'என்ன ஆயிற்று உங்களுக்கு?' என்று கடிந்து வினவாமல், 'நோய் செய்த வேலை இது. சேர்ந்து கணக்கைப் பார்ப்போம், வாருங்கள்' என்று தாய்மொழியிலே சொல்லும் ஒரு குரல் வேண்டும். அக்குரல் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒலிக்கட்டும்.